விண்கல்லுக்கு டிகிரி பார்த்தவள்

பாக்கியலட்சுமிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். மரக்காணம் உப்பளத்தில் அவளோடு வேலை செய்கிற பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும். அவள் கத்துகிறவரைக்கும் யாரும் பயப்பட மாட்டார்கள். மெதுவாகப் பேச ஆரம்பித்தால்தான் பக்கத்தில் இருப்பவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரப்புக்கு நகர்ந்துவிடுவார்கள். 2025 பிப்ரவரி கடைசி வாரத்தில் அவள் குரல் இரண்டு நாள் முழுக்க அப்படி இறங்கியே கிடந்தது. அவள் கோபம் மூன்று பேர்மேல். மூன்றாவது ஆள் அவளேதான்.

அவளுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. எட்டாவது வரைக்கும் படித்தாள். கணக்கில் எப்போதும் முதல் மார்க். ஒன்பதாவது சேர வேண்டிய ஜூன் மாதம் அவளுடைய அம்மா கால் புண்ணோடு படுத்துவிட, அம்மாவின் கூடை இவள் தலைக்கு வந்தது. அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் உப்பளம்தான். கட்டிக்கொண்ட கலையரசன் சென்னையில் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறான், மாதத்துக்கு இரண்டு ஞாயிறு வீட்டுக்கு வருவான். ஒரே மகள் திண்டிவனத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். மீதி நாளெல்லாம் பாக்கியலட்சுமி தனி ஆள். தனி ஆள் என்பதால் யாருக்கும் பணிந்து பேசுகிற பழக்கம் அவளுக்கு வரவில்லை.

உப்பளத்தில் டிகிரி பார்ப்பது என்று ஒரு வேலை உண்டு. உப்புத்தண்ணீரை ஒரு உயரமான தகரக் குவளையில் மொண்டு, அதில் கோடு போட்ட கண்ணாடிக் குழாயை மிதக்க விடுவார்கள். தண்ணீரில் உப்பு கூடக்கூடக் குழாய் மேலே எழும்பும். கடல் தண்ணீர் மூன்று டிகிரி. அதை ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்கு மாற்றி மாற்றி வெயிலில் காயவிட்டால் ஐந்து, எட்டு, பதினைந்து என்று ஏறும். இருபத்தைந்தைத் தொட்டால் உப்பு அடியில் உட்கார ஆரம்பிக்கும். முன்னால் இதை மேஸ்திரி சக்கரபாணி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷம் அவர் இருபத்துநாலு என்று சொல்லிக் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் திறக்கச் சொன்னபோது, பாக்கியலட்சுமி இரண்டு விரலால் தண்ணீரைத் தொட்டுப் பிசைந்து பார்த்துவிட்டு, இருபத்தொண்ணுகூட இருக்காது என்றாள். சக்கரபாணி அவளைப் பேசாத பேச்சில்லை. மூன்று நாள் ஆகியும் பாத்தியில் ஒரு கல் உப்பு உட்காரவில்லை. முதலாளி வந்து பார்த்தார், குழாயை வாங்கி அவள் கையில் கொடுத்தார். கூலியை மட்டும் உயர்த்தவில்லை. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் இருக்கிறது. ஆனாலும் குழாயைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "நம்ம கூட்டத்திலேயே டிகிரி வாங்கினவ நீ ஒருத்திதான்டி" என்று கூட வேலை செய்கிற சின்னப்பாப்பா கிண்டல் செய்வாள். ஒன்பது வருஷத்தில் அவள் சொன்ன டிகிரி ஒருமுறைகூடத் தப்பவில்லை. அதனால் உப்பளத்துப் பெண்கள் மழை வருமா, கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வரும் என்பதையெல்லாம்கூட அவளிடமே கேட்டார்கள். அவளும் பதில் சொன்னாள். தெரியாது என்று சொல்லிப் பழக்கமே இல்லை.

முந்தின நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் உப்பளத்தை மூழ்கடித்துவிட்டுப் போயிருந்தது. ஜனவரி முழுக்கச் சேறு அள்ளினார்கள், வரப்பு கட்டினார்கள், பாத்தித் தரை இறுக மறுபடியும் முதலிலிருந்து மிதித்தார்கள். பிப்ரவரியில்தான் தண்ணீர் விட முடிந்தது. எல்லோருக்கும் உடம்பும் மனசும் சோர்ந்திருந்த நேரம். அந்த நேரம் பார்த்துத்தான் கல் வந்தது.

கொட்டகையில் சோறு சாப்பிடும்போது ஜான்சியின் செல்போனில் ஒரு வீடியோ ஓடியது. ஜான்சி அவர்கள் கூட்டத்தில் இளையவள், ஸ்மார்ட்போன் வைத்திருப்பவள். 2032ஆம் வருஷம் டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி ஒரு விண்கல் பூமிமேல் மோதப்போகிறதாம். அதன் பேர் 2024 ஒய்.ஆர்.4. விழக்கூடிய இடங்களில் நம் நாடும் இருக்கிறதாம். அதுவரைக்கும் சொன்னது உண்மைச் செய்தி. மோதலாம் என்பதை மோதும் என்று ஆக்கியதும், அதற்கு மேல் சொன்னதும் அந்த வீடியோக்காரனின் கைச்சரக்கு. மரக்காணத்தில் ஆரம்பித்து மகாபலிபுரம் வரைக்கும் கரையே இருக்காது என்று அவன் அடித்துச் சொன்னான், பின்னால் உடுக்கைச் சத்தம் வேறு. அந்தக் கரையில் இருப்பவர்களுக்கு டிசம்பர் கடைசி வாரம் என்றாலே சுனாமிதான் ஞாபகம். சின்னப்பாப்பா 2004இல் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மேற்கே ஓடியவள்.

முதலில் மோதுவதற்கு நூற்றுக்கு ஒண்ணு வாய்ப்பு என்றார்கள். ஒரு வாரம் கழித்து நூற்றுக்கு இரண்டு என்று வந்தது. அன்றைக்கு ஜான்சி கேட்டாள், "ஏங்க்கா, ஏறிட்டே போகுதே, எது வரைக்கும் போகும்?"

பாக்கியலட்சுமி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "கம்மியா இருக்குதுன்னு அலட்சியமா இருக்கக் கூடாது. கடல் தண்ணியே மூணுதான். ஏற ஆரம்பிச்சிடுச்சுன்னா நிக்காது. ஏறிட்டேதான் போகும். இருபத்தஞ்சு வந்தா உட்கார்ந்தே தீரும்."

யாரும் சிரிக்கவில்லை. உப்பளத்துக்காரர்களுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. எண் என்றால் அவர்களுக்குத் தெரிந்த எண் அந்தக் குழாயில் இருப்பதுதான், அது வெயில் அடிக்க அடிக்க ஏறும், மழை பெய்தால் ஒழிய இறங்காது. வேறு ஊரில் யாராவது இப்படி நினைத்திருப்பார்களா என்று தெரியவில்லை. இங்கே எல்லோரும் நினைத்தார்கள், ஏனென்றால் சொன்னது பாக்கியலட்சுமி.

அன்றைக்குக் கொட்டகை ஓரத்தில் கௌதமன் நின்றிருந்தான். அதே ஊர்ப் பையன், முப்பது வயது, பொம்மையார்பாளையத்திலிருந்து மரக்காணம் வரைக்கும் ரோட்டோர மனைகளை வாங்கி விற்கிற வேலை. யாரைப் பார்த்தாலும் அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுவான். கையில் போன் வைத்திருந்தான். எல்லோரும்தான் போன் வைத்திருக்கிறார்கள், அதனால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவன் சின்னப்பாப்பா வீட்டுக்குப் போனான். சின்னப்பாப்பா புருஷனை இழந்தவள், ஐம்பத்துநாலு வயது. பாக்கியலட்சுமியின் வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையது. அவளுக்கு இருப்பதெல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி நாலு சென்ட் மனையும் அதில் ஒரு சிமென்ட் ஷீட் வீடும்தான். கௌதமன் அதை விலைக்குக் கேட்கவில்லை. மாற்றிக்கொள்ளலாம் என்றான். இந்த நாலு சென்ட்டை எழுதிக் கொடுத்தால், உள்ளே, கடலிலிருந்து எட்டு மைல் தள்ளி ஒரு ஊரின் பேரைச் சொல்லி, அங்கே மேட்டில் பன்னிரண்டு சென்ட் எழுதித் தருவதாகச் சொன்னான். கல் விழப்போகிற இடத்தை நீ எதற்கப்பா வாங்குகிறாய் என்று சின்னப்பாப்பாவும் கேட்டாள், அவள் ஒன்றும் ஏமாளி இல்லை. அதற்கு அவன் பதில் தயாராக வைத்திருந்தான். வாங்குகிறவர்கள் சென்னைக்காரர்கள், ஓட்டல் போடப்போகிறார்கள், அவர்களுக்கு ஏழு வருஷம் போதும், சம்பாதித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், போக்கிடம் இல்லாதவர்கள் நாம்தானே அக்கா என்றான்.

சின்னப்பாப்பாவின் மகளுக்கு அப்போது பத்து மாதக் குழந்தை இருந்தது. 2032 டிசம்பரில் அந்தப் பேரனுக்கு எட்டு வயது முடிந்திருக்கும். சின்னப்பாப்பா விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, பாக்கியலட்சுமியைத் தன் வாசலுக்குக் கூப்பிட்டு, எழுதிக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். பாக்கியலட்சுமி, பண்ணுக்கா என்றாள். அந்தப் பன்னிரண்டு சென்ட்டை இரண்டு பேரில் ஒருத்திகூடப் போய்ப் பார்க்கவில்லை.

பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி காலையில் எண் மூன்றைத் தாண்டிவிட்டது என்று ஜான்சி சொன்னபோது பாக்கியலட்சுமிக்குப் பயம் வந்தது. பயத்தோடு ஒரு சின்னப் பெருமையும் வந்தது, நான் சொன்னேன் இல்லையா என்று. பிறகு அவள் தன்னை மன்னிக்காமல் போனது அந்தப் பெருமைக்காகத்தான். அதற்கப்புறம் ஒரு வாரம் வீடியோக்காரன் சத்தமே இல்லை. ஜான்சியின் போனுக்குப் புதிதாக ஒன்றும் வரவில்லை. வரவில்லை என்றால் ஏறிக்கொண்டிருக்கிறது என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த புதன்கிழமை காலையில் வேலைக்குப் போகும் வழியில் ஆரோக்கியராஜ் டீக்கடையில் அவள் பார்சல் டீக்காக நின்றாள். பெஞ்சில் கிடந்த பேப்பரில், உள்பக்கத்தில் ஒரு சின்னப் படம். ஒரு நீளமான முட்டை, அதற்குள் சூரியன், முட்டையின் ஒரு முனைக்குப் பக்கத்தில் பூமி. கீழே, விண்கல் மோதும் வாய்ப்பு கிட்டத்தட்ட பூஜ்யம் என்று போட்டிருந்தது. அவள் நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள். டீ ஆறிப்போனது.

அந்தச் செய்தி எளிமையாகவே எழுதப்பட்டிருந்தது. அந்தக் கல் அறுபது மீட்டர் அகலம் இருக்கலாம். சூரியனை ஒருமுறை சுற்றிவர அதற்கு ஏறக்குறைய நாலு வருஷம் ஆகிறது. பாதை வட்டமாக இல்லை, நீளமாக இழுத்தாற்போல் இருக்கிறது. ஒரு முனையில் பூமியின் பாதைக்குச் சற்று உள்ளே வரும், மறுமுனையில் செவ்வாயைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டுத் திரும்பும். 2024 டிசம்பரில் பூமிக்குப் பக்கத்தில் வந்துவிட்டுப் போனது, போன இரண்டாம் நாள்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். சில நாள் மட்டுமே பார்த்ததை வைத்து முழுப் பாதையையும் போட முடியாது. அதனால் 2032இல் அது எங்கே இருக்கும் என்று கேட்டால், இங்கிருந்து அங்கே வரைக்கும் எங்கேயாவது இருக்கும் என்று ஒரு நீளமான பட்டையைத்தான் காட்ட முடிந்தது. அந்தப் பட்டைக்குள் பூமி ஒரு புள்ளி. ஒவ்வொரு நாளும் கல்லைப் பார்க்கப் பார்க்கப் பட்டை சுருங்கியது. புள்ளி அதே அளவுதான். பட்டை சுருங்க, அதற்குள் புள்ளியின் பங்கு பெரிதானது. அதனால்தான் ஒண்ணு, இரண்டு, மூன்று என்று ஏறியது. இன்னும் கொஞ்சம் சுருங்கியதும் பட்டை புள்ளியை விட்டே விலகிவிட்டது. எண் விழுந்துவிட்டது.

கல் நெருங்கி வரவே இல்லை. அது எப்போதும் போகிற வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. ஏறினது பார்க்கிறவனின் கணக்கு மட்டும். எட்டாவதில் கணக்கில் முதல் மார்க் வாங்கினவளுக்கு இது புரிய மூன்று தடவை படித்தால் போதுமாக இருந்தது. புரிந்ததும் காது இரண்டும் சுட்டன. ஆரோக்கியராஜிடம் பேப்பரைக் கேட்டாள். எடுத்துக்கோக்கா, அது நேற்றைய பேப்பர் என்றார் அவர்.

உப்பளத்தில் சின்னப்பாப்பா இல்லை. அன்றைக்குச் சிவராத்திரி, இரும்பை சிவன் கோயிலுக்குப் போயிருக்கிறாள், ராத்திரி முழுக்க அங்கேதான், காலையில் நேராகப் பத்திரப்பதிவு ஆபீசுக்கு வந்துவிடுவாள் என்றாள் ஜான்சி. கௌதமன் இரும்பைக்கே கார் அனுப்புகிறானாம். பத்திரம் அடுத்த வாரம்தானே என்று பாக்கியலட்சுமி கேட்டாள். நாளைக்கே வைத்துவிட்டான் என்றாள் ஜான்சி. சின்னப்பாப்பா தன் பழைய பட்டன் போனை எப்போதும்போல் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

பாக்கியலட்சுமி பேப்பரை நீட்டினாள். ஜான்சி அதை வாங்கிப் படித்தாள். பிறகு தயங்கித் தயங்கி, "அக்கா, உனக்கு இது தெரியாதுன்னு நெனைக்கிறேன்" என்று சொல்லி போனைத் தட்டினாள். அதிலிருந்து பாக்கியலட்சுமியின் குரல் வந்தது. ஏற ஆரம்பிச்சிடுச்சுன்னா நிக்காது. ஏறிட்டேதான் போகும். சோறு மெல்லுகிற சத்தம்கூடக் கேட்டது. கௌதமன் அதை ஊர் வாட்சப் குரூப்பில் போட்டு, நம்ம பாக்கியம் அக்காவே சொல்லிட்டாங்க என்று எழுதியிருந்தான். பன்னிரண்டு நாளாக அது வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. பட்டன் போன் வைத்திருந்த பாக்கியலட்சுமியின் காதுக்கு மட்டும் அது வரவில்லை.

அவள் குழாயையும் குவளையையும் ஜான்சியிடம் கொடுத்துவிட்டு நடந்தாள். சக்கரபாணி எங்கே போகிறாய் என்று கத்தினார். அவள் திரும்பவில்லை.

கௌதமனின் ஆபீஸ் ரோட்டோரத்தில் ஒரு கண்ணாடிக் கதவு அறை. அவன் எழுந்து நின்று, வாங்கக்கா, ஜூஸ் சொல்லட்டுமா என்றான். அவள் பேப்பரை மேஜையில் வைத்தாள். அவன் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை, அதிலிருந்துதான் அவனுக்கு முன்பே தெரியும் என்று அவள் தெரிந்துகொண்டாள். அவன் சிரித்த முகத்தோடு, இன்றைக்கு இறங்கினது நாளைக்குத் திரும்ப ஏறாதா, ஏறினா நிக்காதுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க என்று கேட்டான்.

"என் வாயை எடுத்துட்டுப் போய் வித்திருக்கே" என்றாள் அவள். ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

"நான் ஒண்ணும் சேர்க்கலையேக்கா. நீங்க பேசினதைத்தான் போட்டேன். ஒரு எழுத்து மாத்தலை."

அது உண்மை. அவளை அதிகம் எரித்தது அதுதான். அவன் பொய் சொல்லியிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பாள். அந்தப் பன்னிரண்டு சென்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். மேட்டில் என்றான். எந்த மேட்டில், சர்வே நம்பர் சொல் என்றாள். அது பத்திரத்தில் வரும் என்றான். அவள் வெளியே வந்து, இரண்டு பஸ் மாறி, மீதி நாலு மைலை நடந்து, அவன் சின்னப்பாப்பாவிடம் சொல்லியிருந்த ஊருக்கே போய், கௌதமன் போட்ட மனை எது என்று விசாரித்தாள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கையை நீட்டிக் காட்டினாள். ஏரிக்குள்ளே இருந்தது அந்த மனை. பெஞ்சல் தண்ணீர் மூன்று மாதம் ஆகியும் வற்றாமல் நிற்க, எல்லைக்கு நட்டு வைத்திருந்த மஞ்சள் கற்களின் தலை மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பத்திரப்பதிவு ஆபீஸ் வராண்டாவில் சின்னப்பாப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி நிறைய விபூதி, தூங்காத கண். பக்கத்தில் கௌதமன், அவன் மடியில் ஃபைல். ஃபைலுக்குள் சின்னப்பாப்பாவின் தாய்ப்பத்திரம். டோக்கன் ஏழு ஓடிக்கொண்டிருந்தது, இவர்களுடையது ஒன்பது.

பாக்கியலட்சுமி முதலில் ஏரியைச் சொன்னாள். கௌதமன் உடனே, அது வேற பிளாட்டுக்கா, நம்மளது அதுக்கு மேல என்றான். பிறகு அவள் கல்லைச் சொன்னாள், எண் விழுந்துவிட்டது, பேப்பரில் போட்டிருக்கிறான் என்று. சின்னப்பாப்பா அவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இன்னா பாக்கியம் விளையாட்டா இருக்குதா உனக்கு? அன்னிக்கு ஏறும்னே. எழுதிக் குடுன்னே. இன்னிக்கு இறங்கிடுச்சுங்கறே. நாளைக்கு இன்னா சொல்லுவே? நீ சொல்லச் சொல்ல நான் வீட்டைத் தூக்கிட்டு ஓடிட்டு இருக்கணுமா?"

அங்கே இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் சிரித்தார். கௌதமன், விடுங்கக்கா, பொறாமையில பேசறாங்க என்று சின்னப்பாப்பாவின் காதில் விழும்படி சொன்னான்.

பாக்கியலட்சுமி சின்னப்பாப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். பட்டை, புள்ளி என்று ஆரம்பித்தால் இவளுக்கு ஏறாது என்று தெரியும். ராத்திரி முழுக்க அதையேதான் யோசித்திருந்தாள். கடைசியில் கிடைத்தது சொல்வதற்கு நல்ல விஷயம் இல்லை.

"அக்கா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஜான்சி கம்மல் தொலைஞ்சுதே."

சின்னப்பாப்பாவின் முகம் மாறியது.

"ஆறு பேர் ஆறு பாத்தியில இருந்தோம். யார் பாத்தியில விழுந்ததோன்னு ஒவ்வொண்ணாத் தேடினோம். முதல்ல உன் பாத்தி. இல்லை. அப்புறம் என்னுது. இல்லை. ஒவ்வொரு பாத்தியில இல்லை இல்லைன்னு வர வர, கடைசிப் பாத்தியில நின்ன பாஞ்சாலை மேல எல்லார் கண்ணும் போச்சு. அவ ஒண்ணும் பண்ணலை. நின்ன இடத்துலயே நின்னா. நாம தேடத் தேட அவ மேல சந்தேகம் ஏறிச்சு. மூணு பாத்தி பாக்கி, ரெண்டு பாத்தி பாக்கி. நீ போய் அவ மடியை அவிழ்த்துப் பார்த்தே. நான் பார்த்துட்டு நின்னேன், தடுக்கலை. கடைசியில கம்மல் எங்க இருந்துச்சு?"

கம்மல் ஜான்சியின் சோற்றுப் பையில் இருந்தது. பாஞ்சாலை அதற்குப் பிறகு அந்த உப்பளத்துக்கு வரவில்லை, அனுமந்தைப் பக்கம் மீன் கூடை தூக்கப் போய்விட்டாள்.

"அதுமாதிரிதான்க்கா இதுவும். கல்லு எங்க போகும்னு தேடிட்டு இருந்தாங்க. தேடத் தேட நம்ம மேல ஏறிச்சு. இப்போ கல்லு போற வழி தெரிஞ்சுபோச்சு. நம்ம பக்கம் இல்லை. உப்புத்தண்ணி மாதிரி ஏறும்னு நெனைச்சேன். அது டிகிரி இல்லை."

"இப்போ இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ பார்த்தியா?"

"பார்க்கலை. அன்னிக்கும் நான் பார்க்கலை. பார்க்காமலே வாயில வந்ததைச் சொன்னேன். குழாய் கைக்கு வந்ததுலேர்ந்து அதை விட்டுப் பார்க்காம ஒரு பாத்திக்குக்கூட டிகிரி சொன்னதில்லை, உன் வீட்டுக்குச் சொல்லிட்டேன். நான் சொன்னது தப்புக்கா."

ஒன்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை யாரும் கேட்டதில்லை. உள்ளேயிருந்து ஒன்பது என்று கூப்பிட்டார்கள். கௌதமன் எழுந்து, வாங்கக்கா, விட்டா மறுபடி ஒரு வாரம் ஆகும் என்றான்.

"ஏம்பா, உனக்கு இது எப்போ தெரியும்?" என்று சின்னப்பாப்பா அவனைக் கேட்டாள்.

"எதுக்கா?"

"இறங்கினது."

அவன், அதெல்லாம் எவன் பார்த்தான், தினம் ஒண்ணு சொல்வான் என்று ஆரம்பித்தான். சின்னப்பாப்பா அவனைப் பேச விட்டாள். பாதியில் அவனுக்கே வார்த்தை தீர்ந்துபோனது. அப்புறம், அடுத்த வாரம் வெச்சிருந்த பத்திரத்தை எதுக்கு இன்னிக்கே இழுத்தே என்று கேட்டாள். அவன் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

பாக்கியலட்சுமி எழுந்து கையை நீட்டினாள். "பத்திரத்தைக் குடு."

அவன் அசையவில்லை. சற்று முன் சிரித்த பெரியவர், "ஏம்பா, அந்தம்மாளோடதுதானே, குடுத்துடேன்" என்றார். கௌதமன் ஃபைலைத் திறந்து பத்திரத்தை எடுத்து நாற்காலியில் போட்டான். சின்னப்பாப்பா அதை எடுத்து மஞ்சள் பைக்குள் வைத்து, பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படி இறங்கினாள்.

பஸ்ஸில் அவள் பாக்கியலட்சுமிக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. முன்னால் போய் நின்றுகொண்டே வந்தாள். பாஞ்சாலை பேரை அத்தனை பேர் முன்னால் இழுத்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. பாக்கியலட்சுமியும் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. கேட்க வேண்டியது பாஞ்சாலையிடம், அது இரண்டு பேருக்கும் தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலமே ஜான்சியின் போனிலிருந்து அவள் குரூப்பில் பேசிப் போட்டாள். நான் பாக்கியலட்சுமி பேசறேன், கல்லைப் பத்தி நான் சொன்னது தப்பு, அதை நம்பி யாரும் மனையை எழுதிக் கொடுக்காதீங்க. பத்து நிமிஷத்தில் அது அழிக்கப்பட்டது. குரூப்பின் அட்மின் கௌதமன்தான். கூடவே ஜான்சியையும் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டான். பாக்கியலட்சுமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினாள்.

தெருவில் இருபத்துமூன்று வீடு. ஒவ்வொரு வாசலிலும் நின்று அதே வார்த்தையைச் சொன்னாள். சில வீட்டில் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். சில வீட்டில் சிரித்தார்கள், என்ன பாக்கியம், உன் டிகிரியும் ஃபெயிலா என்று. ஒரு வீட்டில் ஏற்கனவே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அது லூர்துமேரியின் வீடு. திங்கட்கிழமையே பத்திரம் முடிந்திருந்தது. லூர்துமேரி கதவைத் திறந்து, அவள் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டாள். தன்மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று பாக்கியலட்சுமிக்குத் தெரியவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும் லூர்துமேரியின் மகனைக் கூட்டிக்கொண்டு திண்டிவனத்தில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனாள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

கடைசிக்கு முந்தின வீட்டில் ஒருவர், அப்போ அந்தக் கல்லு இனிமே வராதா என்று கேட்டார்.

"வரும். நாலு வருஷத்துக்கு ஒரு சுத்து. 2028 டிசம்பர்ல மறுபடியும் இந்தப் பக்கம் வரும், தூரமாப் போயிடும்னு பேப்பர்ல போட்டிருக்கான். அப்பவும் எவனாவது வீடியோ போடுவான். அப்போ என்னையும் கேட்காதீங்க, கௌதமனையும் கேட்காதீங்க. பத்திரத்தைப் பொட்டியை விட்டு வெளிய எடுக்காம இருங்க, போதும்."

கடைசி வீடு சின்னப்பாப்பாவுடையது. அவள் வாசலில் உட்கார்ந்து கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தாள். பாக்கியலட்சுமி வந்து நின்று, மற்ற வாசல்களில் சொன்னதை அப்படியே இங்கேயும் சொன்னாள்.

"எனக்குத்தான் ஆபீஸ்லயே சொல்லிட்டியே" என்றாள் சின்னப்பாப்பா, தலையைத் தூக்காமல்.

"எழுதிக் குடுன்னு இந்த வாசல்லதானே சொன்னேன்."

சின்னப்பாப்பா ஒரு கருவாட்டை எடுத்துத் தலையைக் கிள்ளிப் போட்டாள். "சொல்லிட்டே இல்ல? போ. நாளைக்கு நாலாம் பாத்தித் தண்ணி மாத்தணும்னு மேஸ்திரி சொன்னாரு. டிகிரி பார்க்கும்போது என்னைக் கூப்பிடு. இனிமே நானும் பார்ப்பேன்."

பாக்கியலட்சுமிக்கு அது சுட்டது. ஆனால் மறுநாள் காலையில் நாலாம் பாத்தி வரப்பில் நின்று, குழாயைக் குவளைக்குள் விட்டுவிட்டு, குனிந்து பார்க்காமல் முதலில் சின்னப்பாப்பாவைக் கூப்பிட்டாள்.